சோலைக்குள்ள வானம் தெரியாது

வாட்டர்கலர்ல காடு வரையறது எப்படின்னு தேடிப் பாத்தீங்கன்னா வர்ற வீடியோல முக்காவாசி ஒரே படம்தாங்க. நெட்டுக்குத்தா நிக்கற வெள்ளை வெள்ளையா பிர்ச் மரம், நடுவுல ஒரு மண் பாதை, பாதை முடியற எடத்துல மஞ்சளா ஒரு வெளிச்சம், தரை பூரா ஆரஞ்சு கலர்ல உதிர்ந்த இலை. அந்தப் படத்துல ஒரு குறையும் இல்ல, அதை முதல்ல வரஞ்சவங்க ஊர்ல காடு அப்படித்தான் இருக்கு, ரஷ்யாலயோ பின்லாந்துலயோ இலையுதிர் காலத்துல போய் நின்னா கண்ணு முன்னாடி அதுதான் தெரியும். ஆனா நம்ம ஊர் டிராயிங் கிளாஸ்லயும் காடுன்னா அதேதான் சொல்லித் தர்றாங்க. கோயம்புத்தூர்ல ஒரு பையன் வாழ்க்கைல பாக்காத பிர்ச் மரத்தை அவ்வளவு அழகா வரையறான், அவன் வீட்டு மொட்டை மாடில நின்னா தெரியற மலை மேல இருக்கற காடு உள்ள எப்படி இருக்கும்னு அவனுக்கு தெரியாது. இது எனக்கு ரொம்ப நாளாவே மனசுல உறுத்திட்டே இருக்கு, அதனாலதான் இன்னைக்கு உக்காந்து எழுதறேன்.

நான் வரையறது பெரும்பாலும் சோலைக்காடுதான். வீடு மேட்டுப்பாளையம், பெரியம்மா இருக்கறது கோத்தகிரி, ரெண்டு நாள் லீவு சேந்தா போதும் பையை தூக்கிட்டு பஸ் ஏறிடுவேன். கோத்தகிரி டவுனை ஒட்டியே லாங்வுட் சோலைன்னு ஒண்ணு இருக்குங்க, 116 ஹெக்டேர், சுத்தி எங்க பாத்தாலும் டீத்தோட்டமும் ஊரும் ரோடும், நடுவுல அந்த ஒரு துண்டு மட்டும் பழைய காடா நிக்குது. 2024 ஜனவரில அதை ராம்சர் தளமா, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல, சேத்தாங்க. கீழ இருக்கற ஊர்களுக்கு குடிக்கற தண்ணி அதுக்குள்ள இருந்துதான் கசிஞ்சு வருது. உள்ள போக வனத்துறைல அனுமதி வாங்கணும், வாங்கிட்டே போங்க, அதுல சலிச்சுக்காதீங்க, அந்த கட்டுப்பாடு இருக்கறதாலதான் அது இன்னும் காடா இருக்கு.

சோலைன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன். நம்ம மேற்கு மலைல 1,500 மீட்டருக்கு மேல, மலை மடிப்புகள்ல, ஓடை ஓடற பள்ளத்துல மட்டும் வளர்ற பசுமைமாறாக் காடு. மேட்டுல புல்வெளி, பள்ளத்துல சோலை, ரெண்டுக்கும் நடுவுல கத்தில வெட்டுன மாதிரி ஒரு ஓரம். மேட்டுல டிசம்பர் ஜனவரில உறைபனி விழும், அது சோலை மரத்தோட நாத்தை கருக்கிடும், அதனால மரம் மேல ஏறாதுன்னு ஒரு விளக்கம் சொல்றாங்க. குளிருக்கும் காத்துக்கும் மரம் ரொம்ப உசரம் போறதில்ல, பெரும்பாலும் 15 மீட்டருக்கு உள்ளதான், நேரா போகாம வளைஞ்சு நெளிஞ்சு, தலையை மட்டும் குடை மாதிரி விரிச்சு பக்கத்து மரத்தோட இடிச்சுக்கிட்டு நிக்கும். எதிர் மலைல இருந்து பாத்தா காலிஃப்ளவரை நெருக்கி அடுக்குன மாதிரியே தெரியும்.

இப்ப இதை வரையணும்னு பிரஷ்ஷோட உள்ள போய் உக்காருங்க. வீடியோல சொன்னது ஒண்ணு கூட உதவாது. வானம் இல்ல, ஏன்னா மேல பூரா மூடியிருக்கு, அங்கங்க பொத்தல் பொத்தலா வெள்ளையா தெரியறதுதான் வானம். நேரா நிக்கற மரம் இல்ல. பாதை கிடையாது, இருந்தாலும் பத்தடில திரும்பிடும். தூரம்னு ஒண்ணே இல்ல, அதுதான் பெரிய விஷயம். லேண்ட்ஸ்கேப் வரையறவங்க எல்லாரும் நம்பி இருக்கறது என்னன்னா, தூரத்துல இருக்கறது நீலமா வெளுத்து தெரியும், நடுவுல இருக்கற காத்து வெளிச்சத்தை சிதறடிக்கறதால, அதனால முன்னாடி அழுத்தமா பின்னாடி லேசா போட்டா ஆழம் வந்துடும். சோலைக்குள்ள உங்க கண்ணு போறதே பதினஞ்சு இருபது மீட்டர்தான். அதுக்குள்ள எங்க நீலம் வரும்? பின்னாடி போகப் போக வெளுக்காது, இருட்டும். அதாவது நமக்கு கத்துக்குடுத்த விதிக்கு அப்படியே தலைகீழ். முன்னாடி இருக்கற பெரணி வெளிச்சமா இருக்கும், அதுக்கு பின்னாடி தண்டு நடுத்தரம், அதுக்கும் பின்னாடி கறுப்புப் பச்சை.

ஆழத்தை இருட்டால கொண்டு வரணும்ங்கற இந்த ஒரு விஷயம் பிடிபட்டுச்சுன்னா சோலை வரையறதுல பாதி வேலை முடிஞ்சுதுங்க.

மேகம் இறங்குனா மட்டும் கதை மாறும். கோத்தகிரி நீலகிரியோட கிழக்குப் பக்கம், தொட்டபெட்டா மறைச்சுக்கறதால தென்மேற்கு பருவமழை ஊட்டிக்கு மேற்க அவலாஞ்சி பக்கம் கொட்டற அளவுக்கு இங்க கொட்டாது, வடகிழக்கு பருவமழை நல்லா கிடைக்கும். அதனால அக்டோபர் நவம்பர்ல மேகம் சோலைக்குள்ளயே புகுந்து நடமாடும். அப்ப அஞ்சு மீட்டர்ல இருக்கற மரம் கறுப்பு, பத்து மீட்டர்ல சாம்பல், அதுக்குப் பின்னாடி ஒண்ணும் இல்ல. வெட் ஆன் வெட், அதாவது ஈரப் பேப்பர் மேல ஈரக் கலரை விட்டு பரவ விடறவங்களுக்கு கொண்டாட்டம். ஆனா நான் சொல்றேன், முதல்ல மேகம் இல்லாத நாள்ல வரைஞ்சு பழகுங்க, மேகத்துல எல்லா காடும் ஒரே மாதிரிதான் அழகா இருக்கும், பைன் காடும் சரி சோலையும் சரி. வெயில் நாள்ல பதினோரு மணிக்கு சோலை எப்படி இருக்குங்கறதுதான் அதோட உண்மையான முகம்.

பச்சையை பத்தி பேசாம இதை முடிக்க முடியாது. டியூப்ல வர்ற சாப் கிரீனை அப்படியே எடுத்து அடிச்சா சோலை பிளாஸ்டிக் செடி மாதிரி ஆயிடும், அது எல்லாருக்கும் தெரியும், ஆனா ஏன்னு யாரும் சொல்றதில்ல. விஷயம் என்னன்னா இலைல வெளிச்சம் ரெண்டு விதமா வேலை செய்யுது. சோலை மரத்தோட இலை தடிப்பா, தோல் மாதிரி, மேல்பக்கம் பளபளன்னு இருக்கும். மேல இருந்து வெளிச்சம் விழற இலையை பாத்தா அது பச்சையாவே தெரியாது, வானத்தை திருப்பி அடிக்கும், வெளிர் நீலச் சாம்பலா தெரியும். அதே இலையை அடில இருந்து பாத்தா, வெளிச்சம் அதுக்குள்ள பூந்து வரும், அப்ப எலுமிச்சை மஞ்சள் கலந்த பச்சை. ஒரே கிளைல பத்து இலை இருந்தா அதுல நாலு சாம்பல், மூணு மஞ்சள், மீதி கறுப்பு, நம்ம மனசுல இருக்கற பச்சை அதுல ஒண்ணுல கூட இருக்காது. உக்காந்து பாத்தாதான் இது தெரியும். போட்டோல தெரியாது, போன் கேமரா நிழலை எல்லாம் தானாவே தூக்கி வெளுக்க வச்சு பச்சையை பச்சையாக்கி குடுத்துடும். அதனால போட்டோவை நான் கிளை எப்படி வளைஞ்சிருக்குன்னு பாக்க மட்டும்தான் வச்சுக்கறேன், கலருக்கு தொடவே மாட்டேன்.

என் தட்டுல இருக்கற கலர் கம்மிதாங்க. அல்ட்ராமரின் நீலம், தாலோ கிரீன், லெமன் எல்லோ, ரா சியன்னா, பர்ன்ட் சியன்னா, பெர்மனன்ட் அலிசரின். சாம்பல் இலைக்கு அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் நிறைய தண்ணில. வெளிச்சம் ஊடுருவற இலைக்கு லெமன் எல்லோல தாலோ கிரீன் ஒரு சொட்டு, ஒரு சொட்டுன்னா ஒரு சொட்டுதான், தாலோ கிரீனுக்கு இருக்கற வீரியத்துக்கு கொஞ்சம் அசந்தா தட்டு பூரா அதுதான் இருக்கும். ஆழத்து இருட்டுக்கு தாலோ கிரீனும் அலிசரினும். பச்சையும் சிவப்பும் சேந்தா ஒண்ணை ஒண்ணு அடிச்சு கறுப்பாகும், ஆனா ட்யூப் கறுப்பு மாதிரி செத்த கறுப்பா இருக்காது, உள்ள பச்சை உயிரோட இருக்கும். பெரிலீன் கிரீன்னு ஒரு ரெடிமேட் கலரும் கிடைக்குது, பேருதான் பச்சை, பாத்தா கிட்டத்தட்ட கறுப்பு, சோலை நிழலுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும், விலைதான் கொஞ்சம் கூட.

அப்புறம் சிவப்பு. இதை எழுதும்போதே எனக்கு சந்தோஷமா இருக்கு. ஐரோப்பா காட்டுல சிவப்பும் ஆரஞ்சும் வர்றது இலை சாகும்போது. நம்ம சோலைல சிவப்பு வர்றது இலை பிறக்கும்போது! பனிக்காலம் முடிஞ்சு மார்ச் ஏப்ரல் வாக்குல நாவல் சாதி மரங்கள், காட்டு லவங்க சாதி மரங்கள் எல்லாம் துளிர் விடும், துளிர் பச்சையா வராது, செம்பு கலர், ரத்தச் சிவப்பு, சிலது இளம் ரோஸ். ஆந்தோசயனின்னு ஒரு நிறமி, பிஞ்சு இலையை கடுமையான வெயில்ல இருந்து அது காப்பாத்துதுன்னு சொல்றாங்க. எதிர் மலைல இருந்து பாத்தா மொத்த சோலையும் அங்கங்க தீப்பிடிச்ச மாதிரி இருக்கும், ரெண்டு மூணு வாரத்துல மெல்ல மெல்ல பச்சையாயிடும். இந்த மாதிரி ஒரு காட்சி வருஷா வருஷம் நம்ம தலைக்கு மேல நடக்குது, நாம என்னன்னா மேப்பிள் இலையை வரைஞ்சிட்டு இருக்கோம். இலையுதிர் காலத்தை வரையற ஆசை இருக்கறவங்க தயவு செஞ்சு ஒரு தடவை ஏப்ரல் மாசம் மலை ஏறுங்க. குயினக்ரிடோன் ரோஸும் பர்ன்ட் சியன்னாவும் எடுத்துட்டு போங்க.

மரத்தண்டை பத்தியும் சொல்லணும். தண்டு பிரவுன் கலர்னு ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து நமக்கு பழக்கம். சோலைல பிரவுன் தண்டை தேடித்தான் பாக்கணும், எல்லாத்து மேலயும் பாசி ஏறியிருக்கும், பாசி இல்லாத எடத்துல கல்பாசி வெள்ளையா திட்டுத் திட்டா, கிளைல இருந்து தாடி மாதிரி தொங்கறது ஒரு வகை, நடுநடுவுல ஆர்க்கிட். தண்டோட ஓரம் எங்க முடியுது இலை எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது. அதனால தண்டை கோடு போட்டு வரையாதீங்க. தண்டுக்கு பின்னாடி இருக்கற இருட்டை வரைங்க, தண்டு தானா வெளிய வரும். இதைத்தான் நெகட்டிவ் பெயின்டிங்னு சொல்றாங்க. முதல்ல பேப்பர் பூரா வெளிர் மஞ்சள்பச்சை ஒரு வாஷ், அதாவது நீர்க்கக் கரைச்ச கலர் ஒரு பூச்சு, காஞ்சதும் பெரணி இலையை விட்டுட்டு அதைச் சுத்தி கொஞ்சம் அழுத்தம், அது காஞ்சதும் தண்டை விட்டுட்டு அதைச் சுத்தி இன்னும் அழுத்தம், இப்படி உள்ள உள்ள போயிட்டே இருக்கணும். காட்டுக்குள்ள நடந்து போற மாதிரியேதான் அந்த வேலையும், ஒவ்வொரு அடுக்கா.

இதுல நடைமுறைல ஒரு தொல்லை, மலைல பேப்பர் காயாது. ஈரக்காத்துல ஒரு வாஷ் காய அரை மணி முக்கால் மணி ஆகும், மேகம் வந்துட்டா அதுவும் இல்ல. அதனால அங்க உக்காந்து நான் ரெண்டு அடுக்குக்கு மேல போறதில்ல, மீதி பெரியம்மா வீட்டு அடுப்படில. பேப்பர் 300 ஜிஎஸ்எம் (தடிமன் கணக்கு) முழு காட்டன் கோல்ட் பிரஸ், அதாவது லேசா சொரசொரப்பா இருக்கறது, இதுல மட்டும் காசு பாக்காதீங்க, கலர் மாணவர் தரமா இருந்தாலும் பரவால்ல பேப்பர் நல்லதா இருக்கணும், மெலிசு பேப்பர் நாலாவது அடுக்குல நார் நாரா எழும்பிடும். பேப்பரை ஈரமான எடத்துல மாசக்கணக்கா வச்சிருந்தா தண்ணியை சட்டுனு உறிஞ்சாம இருக்க பேப்பர்ல போடற சைசிங்ங்கற பசை கெட்டு திட்டுத் திட்டா உறிஞ்சும், அதனால கவர்ல சுத்தி சிலிக்கா ஜெல் போட்டு வைங்க. வாட்டர்கலருக்கு பொறுமை இல்லாத நாள்ல சாம்பல் கலர் பேப்பர்ல குவாஷ்ல, அதாவது அடில இருக்கறதை மறைக்கற கெட்டியான தண்ணி கலர்ல, வரைவேன். சோலைல பாதிக்கு மேல நடுத்தர இருட்டுதான, அது பேப்பர்லயே இருக்கு, நாம ஆழத்து இருட்டையும் அங்கங்க விழற வெளிச்சத்தையும் மட்டும் வச்சா போதும், இருபது நிமிஷத்துல ஒரு படம்.

எதை வரையறது, எதை விடறதுங்கறது அடுத்த குழப்பம். சோலைக்குள்ள எல்லா பக்கமும் எல்லாமே இருக்கும். இதுக்கு கிளிம்ட் பண்ணது நல்ல வழி. தங்கத்தகடு ஒட்டுன பெண்களை வரஞ்ச அதே குஸ்டாவ் கிளிம்ட்தான், கோடைல ஆஸ்திரியாவுல ஆட்டர்சீ ஏரிக்கரைக்கு போய் பீச் மரக்காடுகளை வரஞ்சாரு, பெரும்பாலும் சதுரக் கேன்வாஸ். ஒரு அட்டைல ஓட்டை போட்டு வச்சுக்கிட்டு அது வழியா பாத்து பாத்துதான் எடத்தை பிடிப்பாராம். நானும் போஸ்ட்கார்டு சைஸ் அட்டைல சதுரமா வெட்டி வச்சிருக்கேன். சதுரம் சோலைக்கு அப்படி பொருந்துது, ஏன்னா அகலமா வச்சா தூரத்தை தேட ஆரம்பிச்சிடுவோம், உசரமா வச்சா நேரா நிக்கற மரத்தை தேடுவோம், சதுரத்துல ரெண்டும் முடியாது.

ஆனா சோலை வரையற நமக்கெல்லாம் குருன்னு ஒருத்தரை சொல்லணும்னா நான் எமிலி கார்தான் சொல்லுவேன். 1871ல கனடாவோட மேற்குக் கரைல விக்டோரியாவுல பிறந்தவங்க. சான்ஃபிரான்சிஸ்கோ, இங்கிலாந்து, பிரான்ஸ்னு போய் படிச்சவங்க, ஊருக்கு திரும்பி வந்து பாத்தா அங்க இருக்கறது பிரிட்டிஷ் கொலம்பியாவோட மழைக்காடு, அடர்த்தி, இருட்டு, ஈரம், ஐரோப்பால படிச்ச அழகான லேண்ட்ஸ்கேப் எதுவும் அதுக்குள்ள செல்லாது. வருமானத்துக்காக வாடகைக்கு அறை விடற வீடு நடத்துனாங்க, வருஷக்கணக்கா வரையறதே குறைஞ்சு போச்சு. 1927ல ஒட்டாவால ஒரு கண்காட்சில அவங்க படங்களை வச்சப்போதான் மத்த ஓவியர்களோட பழக்கம் வந்து, ஐம்பத்தஞ்சு வயசுக்கு மேல, மறுபடி முழுசா இறங்குனாங்க. அப்புறம் அவங்க வரஞ்சதுதான் அந்தக் காடுகள். ஒரு பழைய கேரவன் வண்டி வாங்கி அதுக்கு யானைன்னு பேர் வச்சு, நாய்களையும் ஒரு குரங்கையும் கூட்டிக்கிட்டு காட்டு ஓரத்துல போய் தங்கி வரைவாங்க. கேன்வாஸுக்கு காசில்லாம மெனிலா பேப்பர் வாங்கி, ஆயில் பெயின்ட்ல பெட்ரோலை ஊத்தி நீர்க்க வச்சு, வாட்டர்கலர் வேகத்துல ஆயில்ல வரைஞ்சாங்க. அந்தப் படங்கள்ல பாருங்க, இலைன்னு ஒண்ணு தனியா இருக்காது, பச்சை மொத்தமா ஒரு பெரிய துணி மாதிரி அசையும். அடர்ந்த காட்டை இலை இலையா எண்ணி வரைய வேண்டியதில்லைன்னு எனக்கு தைரியம் வந்தது அங்க இருந்துதான். அவங்க பிரெஞ்சு காட்டை வரையல, ஆனா பிரான்ஸ்ல கத்துக்கிட்ட கையாலதான் தன் ஊர்க் காட்டை வரைஞ்சாங்க. நான் கேக்கறதும் அவ்வளவுதான். வீடியோ பாத்து கத்துக்கோங்க, கையை மட்டும் அங்க இருந்து எடுத்துக்கோங்க, கண்ணை நம்ம மலைக்கு கொண்டு வாங்க.

நம்ம பக்கமும் கை இருந்திருக்குங்க. 19ஆம் நூற்றாண்டுல ராபர்ட் வைட்னு ஒரு தாவரவியலாளர் மெட்ராஸ் மாகாணத்துல வேலை பாத்தாரு, நீலகிரி செடிகளைப் பத்தியும் நிறைய எழுதுனாரு. அவருக்கு செடி செடியா வரைஞ்சு குடுத்தது ரங்கையா, கோவிந்துன்னு ரெண்டு தெலுங்கு ஓவியர்கள். கோவிந்து கையோட சுத்தத்தை பாத்து ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கு கோவிந்தூயியான்னே வைட் பேர் வச்சாரு. அவங்க வரஞ்சது வெள்ளைத் தாள்ல ஒரு கிளை, ஒரு பூ, அறுத்துப் பாத்த காய். காடு இல்ல, நிழல் இல்ல. ஆனா இலை எப்படி காம்புல உக்காருது, நரம்பு எப்படி ஓடுது, இதெல்லாம் கத்துக்க இன்னைக்கும் அவங்க படத்தைத்தான் நான் ஸ்க்ரீன்ல பெருசு பண்ணி பாக்கறேன்.

வாட்ச்சர் அண்ணா ஒருத்தர் கூட வருவாரு. வனத்துறைல பல வருஷம் வேலை பாத்தவரு, அதிகம் பேச மாட்டாரு. காட்டுமாடு நடமாட்டம் இருக்கான்னு பாத்துட்டு, "இங்க உக்காருங்கம்மா, அந்தப் பக்கம் வேணாம்"னு சொல்லுவாரு, சொன்னா சொன்னதுதான். மேல கருமந்தி கத்துனா அவர் தலை மட்டும் திரும்பும். ஒரு நாள் சாயங்காலம் நான் எடுத்து வைக்கற நேரத்துல, "சிவப்புத் துளிர் எல்லாம் இப்ப கறுப்பா தெரியுது பாருங்கம்மா, பெரணி மட்டும் இன்னும் தெரியுது"ன்னாரு. அப்படியேதான் இருந்துச்சு. புர்கின்யேன்னு ஒரு செக் நாட்டு விஞ்ஞானி 19ஆம் நூற்றாண்டு தொடக்கத்துலயே இதை கவனிச்சு சொல்லியிருக்காரு, வெளிச்சம் குறையக் குறைய நம்ம கண்ணு சிவப்பை முதல்ல இழக்கும், பச்சையும் நீலமும் கொஞ்ச நேரம் கூடத் தெரியும். சோலைக்குள்ள வெளியவிட முன்னாடியே இருட்டிடும், அதனால அஞ்சு மணிக்கு சோலை வரைஞ்சீங்கன்னா சிவப்பு டியூபை மூடி வச்சிடுங்க, பெரணிக்கு லேசா நீலம் சேருங்க. அண்ணாவுக்கு புர்கின்யே யாருன்னு தெரியாது, தெரியவும் தேவையில்ல, அவர் அதை தினமும் பாக்கறாரு.

இன்னொரு விஷயம், இதை கோவமாவே சொல்றேன். ஊட்டி காடுன்னு சொல்லி ஆன்லைன்ல வர்ற படங்கள்ல பாதிக்கு மேல கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) பைனும்தான். அது காடு இல்லைங்க. கற்பூர மரம் 1840கள்ல வெள்ளைக்காரங்க விறகுக்காக ஆஸ்திரேலியால இருந்து கொண்டு வந்து நட ஆரம்பிச்சது, வாட்டில்னு சொல்ற சீகையும் அங்க இருந்து வந்ததுதான், கொடைக்கானல்ல எல்லாரும் போட்டோ எடுக்கற பைன் காடும் நட்டு வச்ச தோப்புதான். வரிசையா இருக்கும், நடுவுல வெளிச்சம் கோடு கோடா விழும், வரையறதுக்கு ரொம்ப சுலபம், அதனாலதான் எல்லாரும் வரையறாங்க. ஆனா புல்வெளியை மூடிக்கிட்டு பரவறது இந்த மரங்கதான், இதை எடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போய் உத்தரவு வந்திருக்கு. நாம அதை காடுன்னு வரைஞ்சு ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டுனா, அதை பாத்து வளர்ற குழந்தைக்கு காடுன்னா அதுதான்.

ஓவியர் என்ன பண்ண முடியும்னு கேக்கறவங்களுக்கு பார்பிசான் கதை சொல்றேன். பாரிஸ் பக்கத்துல ஃபோன்டேன்ப்ளோ காடு, அதோட ஓரத்துல பார்பிசான்னு ஒரு சின்ன ஊரு. 1830கள்ல இருந்து ஓவியர்கள் அங்க போய் தங்கி நேரா காட்டுக்குள்ள உக்காந்து வரைய ஆரம்பிச்சாங்க. 1841ல ஜான் ராண்ட்னு ஒரு அமெரிக்க ஓவியர் தகரத்துல பெயின்ட் டியூப் கண்டுபிடிச்சது இந்த மாதிரி வெளிய போய் வரையறவங்களுக்கு பெரிய வசதி ஆச்சு. அதே காலத்துல அரசாங்கம் பழைய ஓக் மரங்களை வெட்டிட்டு காலி எடத்துல வரிசையா பைன் நட்டுட்டு இருந்துச்சு. ஓவியர்களுக்கு தாங்கல. தியோடோர் ரூசோங்கற ஓவியர்தான் முன்ன நின்னாரு, 1852ல அரசாங்கத்துக்கு மனு போச்சு, இந்த மரங்களை விட்டுடுங்கன்னு. 1853ல 624 ஹெக்டேரை வெட்டாம ஒதுக்கி வச்சாங்க, 1861ல மூணாம் நெப்போலியன் ஆட்சில ஆணையே போட்டு 1,097 ஹெக்டேரை கலைக்கான காப்பிடமா அறிவிச்சாங்க. அமெரிக்காவோட யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா வந்ததே 1872ல. அதுக்கு பதினோரு வருஷம் முன்னாடி, படம் வரையறவங்க கேட்டதுக்காக ஒரு காடு நின்னுச்சுங்க. அங்க பைனை எதிர்த்து ஓவியர்கள் சண்டை போட்ட அதே வருஷங்கள்லதான் இங்க நம்ம மலைல கற்பூர மரம் நட்டுட்டு இருந்தாங்க. இதை நினைச்சா எனக்கு தூக்கம் வராது.

என் படம் சரியா இருக்கான்னு நான் பாக்கறதுக்கு ஒரே ஒரு வழி வச்சிருக்கேன். பெரியம்மாகிட்ட காட்டுவேன். அவங்களுக்கு ஓவியம் பத்தி ஒண்ணும் தெரியாது, நாப்பது வருஷமா அந்த மலைல இருக்காங்க. பிர்ச் மரப் படத்தை ஒரு தடவை காட்டுனப்போ "நல்லா இருக்கு சாமி"ன்னு சொல்லிட்டு டீ போட போயிட்டாங்க. சோலைப் படத்தை காட்டுனா கண்ணாடியை தேடி எடுத்து போட்டுக்கிட்டு கிட்ட வச்சு பாப்பாங்க. "இந்த சாஞ்சு நிக்கறது நாவல்தான, அதோட பழம் துவர்க்குமே. இது செண்பகம். இது என்னடி இங்க, இந்த எடத்துல தண்ணி ஓடணுமே, தண்ணியை காணோம்"பாங்க. தண்ணி அந்த பெரணிக்கு கீழதான் ஓடுச்சு, நான் வரையல, ஆனா பெரணி இருக்கற விதத்தை வச்சே அவங்களுக்கு தெரியுது. கலர் நல்லா இருக்கு, காம்போசிஷன் நல்லா இருக்குன்னு வர்ற நூறு கமென்ட்டை விட எனக்கு இது பெருசு.

போறவங்களுக்கு சிலது. ரத்தம் உறிஞ்சற அட்டைப்பூச்சி இருக்கும், மழை விட்ட மறுநாள் ரொம்ப இருக்கும், சாக்ஸுக்குள்ள பேன்ட்டை விட்டுக்கோங்க, கீழ உக்கார மடக்கு ஸ்டூல் எடுத்துட்டு போங்க. பிரஷ் கழுவுன தண்ணியை ஓடைல கொட்டாதீங்க, மண்ணுலயும் கொட்டாதீங்க, சில கலர்ல காட்மியம், கோபால்ட் எல்லாம் இருக்கு, அந்தத் தண்ணியைத்தான் கீழ ஊர்ல குடிக்கறாங்க, மூடி போட்ட பாட்டில்ல வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடுங்க. ஆர்க்கிட்டை பறிச்சுட்டு வந்து மேஜைல வச்சு வரையற வேலை வேண்டவே வேண்டாம். உள்ள போனதும் வரைய ஆரம்பிக்காதீங்க, கண்ணு இருட்டுக்கு பழகவே இருபது நிமிஷம் கிட்ட ஆகும், அது வரைக்கும் தெரியற இருட்டு உண்மையான இருட்டு இல்ல, பழகுனதுக்கு அப்புறம்தான் அதுக்குள்ள எத்தனை பச்சை இருக்குன்னு தெரியும்.

நான் இப்ப கையில எடுத்திருக்கறது சோலை ஓரம். புல்வெளி முடிஞ்சு சோலை ஆரம்பிக்கற அந்தக் கோடு. அங்கதான் காட்டுப்பூவரசு நிக்கும், நீலகிரியோட ரோடோடென்ட்ரான், கரடுமுரடான தண்டு, கொத்துக் கொத்தா ரத்தச் சிவப்பு பூ. பனில காஞ்ச புல்லு வைக்கோல் கலர், அதுக்குப் பின்னாடி சோலையோட கறுப்புப் பச்சை, நடுவுல இந்த சிவப்பு. புல்லுக்கு ரா சியன்னாவா ரெண்டு சொட்டு ஊதா சேத்த ஓக்கரான்னு இன்னும் முடிவு பண்ணல, ரெண்டையும் துண்டு பேப்பர்ல அடிச்சு பாத்துட்டு இருக்கேன். அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் இருக்கறவங்க யாராவது இதை படிச்சீங்கன்னா, அங்க பூ எடுக்க ஆரம்பிச்சதும் ஒரு வார்த்தை சொல்லுங்க, அனுமதி வாங்கிட்டு அடுத்த பஸ்ல வந்துடறேன்.